எல்லாருக்கும் ஒரே பேரு

விருத்தாசலத்துல ஏறுன சேத்தியாத்தோப்பு பஸ்ஸு. என் முன்சீட்டுல ஒரு அக்காவும் ஒரு தம்பியும். பீங்கான் கம்பெனிக்கு வெப்சைட்டு செய்யிறாங்களாம்.

"யாரு உள்ள வந்தாலும் 'வாங்க முருகேசன்'னே சொல்லுதுக்கா. நாளைக்கு ஓனர் பாத்தா என் வேல போச்சு."

"பேர எங்கடா குடுத்த?"

"கன்டெய்னர்ல. சர்வர் கெளம்பும்போதே 'வாங்க' சொல்ற ஆள அதுதானேக்கா செஞ்சு வெக்குது, அப்பவே பேரையும் குடுத்துட்டேன்."

"வரப்போறது யாருன்னு அப்பவே அதுக்கு எப்படிடா தெரியும்? கன்டெய்னரு வாசல்ல ஆள நிறுத்துனா போதும். பேர, வர்றவங்கள கூப்புடும்போது குடு."

"எல்லா எடத்துலயும் மாத்தணுமேக்கா. முடியல."

"மாத்து. முருகேசன் யாரு?"

"எங்கப்பா. டெஸ்ட்டுக்குப் போட்டேன்."

"ஊருக்கே உங்கப்பன் பேர வெச்சிட்டியேடா."

நான் எறங்கி வூட்டுக்குப் போனேன். எங்கண்ணன் செத்து மூணு மாசமாவுது. அம்மா உள்ளேருந்து என்னைய அவன் பேரச் சொல்லித்தான் கூப்புட்டுச்சு.

"தோ வரேம்மா"ன்னேன்.