வலது ஓரத்துக் கோடு

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி மூன்றும் சென்ற செவ்வாய்க்கிழமை இந்தக் காவல் நிலையத்தில் இதே மேஜையில் நான் கொடுத்த முதல் வாக்குமூலத்தில் உள்ளபடியேதான். வயது நாற்பத்தொன்பது. வீட்டில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். குடியிருப்பில் எல்லோருக்கும் நான் டியூஷன் அக்கா. முதல் வாக்குமூலத்தில் எங்கள் மாடி வீட்டு டிசைனர் தம்பியைப் பற்றி நான் சொன்னது தவறு. அதைத் திரும்பப் பெற்று, நடந்ததைச் சொல்ல நானாகவே வந்திருக்கிறேன். அவரை இரண்டு நாளாக இங்கே வைத்திருப்பது என் பேச்சை நம்பித்தான் என்பதால் இன்றைக்கே சொல்லியாக வேண்டும்.

எங்கள் கட்டடத்தில் ஆறு வீடுகள். நான் நடு மாடி. போன வருடம் டியூஷன் கேள்வித்தாளுக்காக ஒரு பிரிண்டர் வாங்கினேன். பிரிண்ட், ஜெராக்ஸ், ஸ்கேன் மூன்றும் ஒரே மெஷினில். வயர் கிடையாது, வைஃபையில் ஓடுவது. அதைப் பொருத்திக் கொடுத்தது மேலே தனியாகக் குடியிருந்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் டிசைனர் தம்பி. அதனால் பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும். அவர் மூலம் மற்ற வீடுகளுக்கும் தெரிந்தது. அதன் பிறகு அவரவர் வீட்டில் இருந்தபடியே போனில் தட்டுவார்கள், என் வீட்டு ஹாலில் மெஷின் தானாக விழித்துக்கொண்டு காகிதத்தைத் துப்பும், பின்னாலேயே ஆள் வந்து கதவைத் தட்டும். ஆள் இல்லாமல் வேலை செய்கிற அந்த மெஷினை நான் ஒரு நாளும் முழுசாக நம்பியதில்லை.

வருகிற காகிதத்தைப் படிக்காமல் எடுத்துக் கொடுக்கும் பழக்கமும் எனக்குக் கிடையாது. இதை முதல் வாக்குமூலத்தில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். யார் எதற்கு லீவு எழுதினார்கள், யாருக்குக் கிட்னியில் எந்த இடத்தில் கல் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். என் வீட்டு மை, என் வீட்டுத் தாள், என்ன அடிக்கிறார்கள் என்று நான் பார்க்கக்கூடாதா என்பது அப்போது என் நினைப்பு. படித்ததை என் கணவரிடம் சாப்பிடும்போது சொல்வேன். அவர் ஒரு பெயிண்ட் கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். அதிகம் பேசமாட்டார். தலையை மட்டும் ஆட்டுவார்.

மூன்று வாரத்துக்கு முன் கீழ் வீட்டு நர்ஸ் ஒரு கடிதம் அடித்தாள். முன்பு வேலை பார்த்த மருத்துவமனையில் நோயாளி ஒருவருக்கு மருந்து அளவு மாறிப்போனதாகத் தன் மேல் வந்த பழைய புகாரைப் பற்றி நர்சிங் கவுன்சிலுக்கு அவள் எழுதிய விளக்கம் அது. முதல் பக்கம் வந்தது, படித்தேன். இரண்டாம் பக்கம் பாதியில் சிக்கிக்கொண்டது. நான் மூடியைத் திறந்து இழுப்பதற்குள் அவளே வந்து நின்றுவிட்டாள். அவள் எதிரில் படிக்க முடியாதே. அதனால் எனக்குத் தெரிந்தது முதல் பக்கம் மட்டும். புகார் என்ன என்பது மட்டும். அதை அன்றைக்கே கணவரிடம் சொன்னேன். பாவம் என்றும் சொன்னேன், ஆனாலும் அந்தப் பொண்ணு கையால ஊசி போட்டுக்க எனக்குத் துணிச்சல் இல்லை என்றும் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அதன் பிறகு சென்ற திங்கட்கிழமை காலை ஆறு வீட்டுக் கதவிடுக்கிலும் ஒரு மொட்டைக் கடிதம் கிடந்தது. இடது கையால் எழுதியது போலக் கோணல் எழுத்து, ஜெராக்ஸ் எடுத்தது. கீழ் வீட்டு நர்ஸ் மருந்தை மாற்றிக் கொடுத்து முன் வேலையை இழந்தவள், பொய் சொல்லுகிறவள், அவள் யாரைப் பற்றி என்ன சொன்னாலும் நம்பாதீர்கள் என்று எழுதியிருந்தது. அதே கடிதம் இப்போது அவள் வேலை பார்க்கும் மருத்துவமனையின் புகார்ப் பெட்டியிலும் கிடந்ததாம். விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று அவளைச் செவ்வாய்க்கிழமை அனுப்பிவிட்டார்கள்.

கடிதம் என் மெஷினில் எடுத்தது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கோப்பில் கோர்க்க வசதியாக நான் தாள் கட்டு வாங்கியதுமே மொத்தத்துக்கும் இடது ஓரத்தில் இரண்டு ஓட்டை போட்டு வைத்துவிடுவேன். என் வீட்டில் அடித்த எந்தத் தாளிலும் அந்த ஓட்டை இருக்கும். கடிதத்திலும் இருந்தது. மாடிப்படியில் நான் ஏறினால் பேச்சு நின்றது. எதிர்வீட்டு டீச்சர், "நாம அடிக்கிறதெல்லாம் யார் படிக்கிறாங்கன்னு நமக்குத் தெரியாதா?" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. என்மேல் பழி விழுவதற்குள் வேறு யாராவது கிடைக்கவேண்டும் என்று இருந்தது. உண்மையைச் சொன்னால் அவ்வளவுதான்.

அதனால் செவ்வாய்க்கிழமை இங்கே வந்து, பாஸ்வேர்டு டிசைனர் தம்பியிடம்தான் இருக்கிறது, அவரால் மாடியில் இருந்தபடியே எதையும் என் மெஷினில் அடிக்க முடியும், எல்லா வீட்டுக் காகிதமும் அவர் கணினியில் தெரியும், இரண்டு மாதம் முன்பு தண்ணீர் மோட்டார் விஷயத்தில் அவருக்கும் நர்ஸுக்கும் வாக்குவாதம் நடந்தது என்று சொன்னேன். வாக்குவாதம் நடந்தது நிஜம். பாஸ்வேர்டு எல்லா வீட்டுக்கும் தெரியும். அவர் கணினியில் எல்லாம் தெரியும் என்பது என் ஊகம். ஊகம் என்று சொல்லாமல் தெரியும் என்பது போலச் சொன்னேன். புதன்கிழமை காலை அவரை அழைத்துக்கொண்டு, அவர் கணினியையும் போனையும் எடுத்து வந்துவிட்டீர்கள். படியிறங்கும்போது அவர் என் கதவைப் பார்த்து, "அக்கா, பிரிண்டர்ல மை தீரப்போகுது, பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். குத்திக் காட்டுகிறார் என்று அப்போது நினைத்தேன்.

நேற்று வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கடிதங்களை அடையாளம் காட்ட என்னை அழைத்தீர்கள். எழுத்தர் ஏழையும் மேஜையில் வரிசையாகப் பரப்பினார். என் வீட்டுக்கு வந்த ஒன்றை மட்டும் பார்த்திருந்தபோது வலது ஓரத்தில் இருந்த மெல்லிய கறுப்புக் கோட்டை மடிப்பு என்று நினைத்திருந்தேன். ஏழிலும் அதே இடத்தில், ஓரத்திலிருந்து ஒரு கட்டைவிரல் உள்ளே தள்ளி, மேலிருந்து கீழ்வரை அதே கோடு இருந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டேன். எழுத்தர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார், வெயில் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். ஜெராக்ஸ் எடுக்க என் மெஷினில் இரண்டு வழி. மூடியைத் திறந்து கண்ணாடி மேல் தாளைக் கவிழ்த்து வைக்கலாம், அல்லது மூடியின் மேல் தட்டில் செருகினால் மெஷினே இழுத்துக்கொள்ளும். இழுக்கும் இடத்தில் பட்டையாக ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. டியூஷன் பிள்ளை ஒருத்தியின் தாளில் இருந்த காயாத ஒயிட்னர் அதில் ஒட்டிக் கல் மாதிரி ஆகிவிட்டது. அதிலிருந்து மேல் தட்டில் வைத்து எடுத்தால் மட்டும் கோடு விழும். கண்ணாடியில் கவிழ்த்தால் விழாது. போனிலிருந்தோ கணினியிலிருந்தோ அடித்தால் விழவே விழாது. காரணத்தைக் கண்டுபிடித்தவரே டிசைனர் தம்பிதான். சுரண்டினால் கண்ணாடி கீறிவிடும், விட்டுவிடுங்கள் என்றார். அதன் பிறகு ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒவ்வொருவரிடமும், "மேல வைக்காதீங்க, கோடு விழும்" என்று நானே கத்திக் கத்திச் சொல்லியிருக்கிறேன். ஆறு வீட்டிலும் அது எல்லோருக்கும் தெரியும்.

ஒருவரைத் தவிர. என் கணவருக்கு நான் சொன்னதில்லை. மெஷின் வந்த அன்றே, "நீங்க கை வச்சா உருப்படாது, தொடாதீங்க" என்று சொல்லிவிட்டேன். தொடாதவரிடம் எதற்குக் கோட்டைப் பற்றிச் சொல்லவேண்டும்?

வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளை மேல் தட்டில் வைத்து எடுத்துப் பார்த்தேன். அதே இடத்தில் கோடு விழுந்தது. அந்தத் தாளை இத்துடன் கொடுத்திருக்கிறேன். அதாவது, கடிதத்தை எடுத்தவர் மாடியில் இருந்து தட்டவில்லை, என் ஹாலில் மெஷின் முன் நின்று எடுத்திருக்கிறார். வீட்டில் நாங்கள் இருவர்தான், மகன் வெளியூரில் படிக்கிறான். கடிதம் வந்ததற்கு முந்தின ஞாயிறு காலை நான் பெற்றோர் கூட்டத்துக்காக ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போயிருந்தேன், அவர் தனியாக இருந்தார். இன்னொன்றும் உறைத்தது. மொட்டைக் கடிதத்தில் இருந்தது நர்ஸின் விளக்கக் கடிதத்து முதல் பக்க விஷயம் மட்டும். நான் அவரிடம் சொன்னது எதுவரையோ அதுவரை.

அதன் பிறகு நான் பிளேடை எடுத்துக்கொண்டு மெஷின் முன் உட்கார்ந்தேன். இதையும் எழுதிக்கொள்ளவும். அந்த ஒயிட்னரைச் சுரண்டி எறிந்துவிட்டால் இனி கோடு விழாது, கேட்க ஆளில்லை. மூடியைத் திறந்தும் விட்டேன். அந்த நேரத்தில் மாடியில் வழக்கமாக டிசைனர் தம்பியின் நாற்காலி உருளும். சக்கரத்துக்கு எண்ணெய் விடச் சொல்லி எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். நேற்று சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடியை மூடினேன்.

அதன் பிறகு கணவரின் கம்பெனிக்குப் போன் செய்தேன். எடுத்தவர், "அவர் வேலையில இருந்து நின்னு நாலு மாசம் ஆச்சேம்மா, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். தெரியும், கணக்கு விஷயமாகக் கேட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு வைத்தேன். நான்கு மாதமாகக் காலை எட்டு மணிக்கு அவருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்திருக்கிறேன். சட்டைக்கு இஸ்திரி போட்டிருக்கிறேன். ஊர்க் காகிதத்தை எல்லாம் படித்தவள் நான்.

கீழே இறங்கி நர்ஸ் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவள் உள்ளே கூப்பிடவில்லை. என் கணவரைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று நேராகக் கேட்டேன். "சார் தினமும் எங்க ஆஸ்பத்திரி ஓ.பி. ஹால்லதான் உக்காந்திருப்பார்க்கா. சீட்டு வாங்க மாட்டார், டாக்டரைப் பாக்க மாட்டார். உடம்புக்கு என்னன்னு ஒரு நாள் கேட்டேன். வீட்ல சொல்லிடாதம்மான்னார். நான் யார்கிட்டயும் சொல்லல" என்றாள். அந்த இரண்டாம் பக்கத்தில் என்ன இருந்தது என்றும் கேட்டேன். அவள் அழவில்லை. "மருந்தை மாத்தினது நான் இல்லன்னு விசாரணைல முடிஞ்சதுக்கா. அதோட நகல் இணைச்சிருக்கேன்னு இருந்துச்சு" என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவளுக்கு அப்போது புரியவில்லை.

பிற்பகல் இரண்டு மணிக்கு அந்த மருத்துவமனைக்குப் போனேன். ஹாலில் மூன்றாவது வரிசையில், மின்விசிறிக்குக் கீழே, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் இருந்தார். எதிர்ச் சுவரில் புகார்ப் பெட்டி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், டியூஷனில் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை எழுந்து நிற்பது போல. எனக்குக் கோபம்தான் வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்டீங்களா?" என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றார். பை கனமாக இருந்தது.

அவரே சொன்னார். கம்பெனியில் ஆள் குறைத்தபோது அவரையும் குறைத்துவிட்டார்கள். வேறு வேலை கிடைத்ததும் சொல்லலாம் என்று இருந்தார், கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்பதால் இங்கே வந்தார். "அந்தப் பொண்ணு என்னைப் பாத்துட்டா. உன்கிட்ட சொல்லிடுவாளோன்னு தினம் பயம். அவ சொன்னாலும் நீ நம்பக்கூடாதுன்னு நெனச்சேன். இங்க அவ இல்லன்னா நிம்மதியா உக்காரலாம்னு அந்தப் பெட்டியிலயும் ஒண்ணு போட்டேன்" என்றார். மாடித் தம்பியை நீங்கள் பிடித்து வைத்திருப்பது தெரிந்தும் ஏன் பேசவில்லை என்று கேட்டேன். சாப்பாட்டுப் பையின் வாரை விரலில் சுற்றினார். பேசாமல் இருந்தது அவர் குற்றம், அதை நான் மறைக்க வரவில்லை.

இன்று காலை என்னுடன் வந்து, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். கூப்பிட்டால் வந்து அவரே சொல்வார். டிசைனர் தம்பியை விட்டுவிடுங்கள். அவரிடம் நான் பேசவேண்டும். மருத்துவமனைக்கு இந்த வாக்குமூலத்தின் ஒரு நகலை அனுப்பவும் கேட்டுக்கொள்கிறேன்.

எழுத்தர் எழுதி முடித்து, வாசித்துக் காட்டவா என்று கேட்டார். நானே படிக்கிறேன் என்று வாங்கி ஒரு வரி விடாமல் கடைசிப் பக்கம்வரை படித்தேன். நான் சொன்னபடியே இருக்கிறது. கடைசியில் என் கணவரை எதிரி என்று குறித்து எழுத்தர் சுருக்கமாகச் சேர்த்திருந்த, "எதிரி தன் வேலை போனதை ஊரார் அறியாமல் மறைக்கும் பொருட்டு" என்ற வரியில் மட்டும் "ஊரார்" என்பதை அடிக்கச் சொன்னேன். ஊருக்கு அவர் பயப்படவில்லை. அந்த இடத்தில் "மனைவி" என்று என் கையாலேயே எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்தத் திருத்தத்துடன் இதில் உள்ள ஒவ்வொன்றும் நான் அறிந்த உண்மை, ஊகம் எதுவும் இல்லை.

(ஒப்பம்)