மாமி வீட்டு நீச்சல் தொட்டி

— ஸம்ஸியா, கிட்ட வந்து இரி மகள். ஒரு கதை சொல்லப்போறன். கதவுக்கு அங்கால நிக்கிறவருக்கும் கேக்கட்டும்.

— சொல்லுங்க உம்மா.

— ஒரு ஊருல ஒரு மருமகன். கலியாணம் முடிச்சி மாமிட வூட்டோட வந்து இருந்தார். அங்க இளநி மாதிரித் தண்ணியுள்ள கிணறு. அது அவருக்குக் காணாதாம். இங்கினியாகலையில தொரமார்ர பங்களாவுல நீச்சல் தொட்டி ஒண்டப் பாத்துட்டு வந்து, மாமிட வளவுலயும் கட்டினார். இப்ப அதுல தவளை நீந்துது.

— இஞ்சாருங்க, தண்ணி கொஞ்சம் நிறம் மாறியிரிக்காம். உம்மா சொல்லுறா.

— எனக்குக் கேட்டது புள்ள.

— கேட்டாலும் நான் சொல்லத்தானே வேணும்? மாமியும் மருமகனும் நேர கதைக்கிற வழக்கம் நம்மட ஊருல எங்க இரிக்கி? கலியாணம் முடிச்ச நாளையில இருந்து நான்தானே ரெண்டு பேருக்கும் தபால்காரி.

— அப்ப இதையும் கொண்டு போய்க் குடு. கச்சிமுகம்மதுட வண்டில் ஆத்து மண்ணோட வாசல்ல நிக்கிது. அஸறுத் தொழுகைக்கு முன்ன தொட்டிய மூடுற.

— அல்லாஹ்வே! மாமிக்கிட்டச் சொல்லு ஸம்ஸியா, கொழும்புல இருந்து சாமான் எல்லாம் இண்டைக்குத்தான் வந்த. இந்தா, நீட்டுக் கம்புல வலை. இலை, தவளை எல்லாம் இதால அள்ளலாம்.

— சாய்ந்தமருதுல வலைக்குப் பஞ்சமா? கரைவலைக்காரனக் கூப்பிட்டா தொட்டியையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போவான்.

— உம்மாவுக்கு வலை புடிச்சிரிக்காம்.

— ஓம், புடிச்ச புடி எனக்கும் கேட்டது. இது பம்பு. ஊத்தைத் தண்ணிய இழுத்து மணலுக்குள்ளால வடிச்சித் திருப்பி விடும்.

— போன ஊத்தைய ஏன்டி திருப்பிக் கூப்பிடுறார்?

— பம்பும் நல்லமாம்.

— இது குளோரின் தூள்.

— ஆசுபத்திரி மணக்குது. தவளைக்கு வருத்தமாமா எண்டு கேளு.

— உம்மா! ஒரு வார்த்தையாவது நான் கொண்டு போற மாதிரிக் கதைங்க. இத்தன நாளும் அந்தத் தண்ணியப் பாத்துக்கிட்டுச் சும்மாதானே இருந்தீங்க. இண்டைக்கு விடிஞ்சதும் என்ன வந்ததெண்டு மண்ணுக்கு ஆள் விட்டீங்க?

— ஒண்டுமில்ல. சாமான் முடிஞ்சா?

— கடைசியா இந்தப் பிரஷ். சுவத்துப் பாசிய உரசுறதுக்கு.

— அடியில கிடக்கிற பாசி?

— அதுவும் போகும் எண்டு சொல்லு. கால் வெச்சா வழுக்காது.

— சத்தியம் பண்ணச் சொல்லு.

— வல்லாகி வழுக்காது. ஆனா இனி என்னத்துக்கு? மாமிட வூடு, மாமிட வளவு. மூடட்டும். நான் போய் வண்டில்காரன உள்ளுக்கு விடுறன்.

— இஞ்சாருங்க, போகாதீங்க! உம்மா, அவர் போறார்!

— நீ தள்ளு புள்ள, கதவத் திற. மருமகன், நில்லுங்க! குமராகும் வயசு வரைக்கும் கடல்ல நீந்தினவள் நான். ஒங்கட தொட்டிக்குத் தண்ணி விட்ட நாளையில இருந்து, சுபஹு தொழுதிட்டு ஊர் எழும்ப முந்தி அதுலதான் நீந்துறன். இண்டைக்கு ஏறப்போனா பாசி வழுக்குது. பால்காரி பூமணி வந்து தூக்குமட்டும் கழுத்தளவு தண்ணியில தவளையோட நிண்டன். அந்த வெக்கத்துலதான் மண்ணுக்கு ஆள் விட்ட. இப்ப அந்த மண்ணுல சீமெந்து குழைச்சி, நான் ஏறி வர நாலு படி கட்டித் தாங்க மகன். ஒங்கட இந்த வூட்டுக்கு அல்லாஹ் குறையாத பறக்கத்தத் தரட்டும்.