இருபத்தைந்துக்கு அடுத்த எண்

முப்பத்தொரு ஆண்டுகள் கல்முனைப் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்து, இன்று அறுபது வயதில் ஓய்வுபெறும் எங்கள் கணிதப் பிரிவுத் தலைவி, அன்புக்கும் மதிப்புக்கும் உரிய ஜெனூபா டீச்சர் அவர்களே! அஸ்ஸலாமு அலைக்கும்.

தங்கள் சிறப்புகளை வரிசைப்படுத்தினால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே ஓர் எண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறோம்: பத்து இலட்சத்து ஒன்று.

முன்னும் பின்னும் ஒன்று, நடுவே ஐந்து பூச்சியம். எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் அதே எண். இது முதன்மை எண்ணா என்று பதினோராம் தரத் தவணைப் பரீட்சையில் கேட்டிருந்தோம். விடையைத் தீர்மானிக்க, இடைவேளையில் நாங்கள் ஐவர், ஒரே ஸஹன் தட்டைச் சுற்றியிருந்து சோற்றைப் பங்கிடுவது போல, நூறுக்குட்பட்ட இருபத்தைந்து முதன்மை எண்களையும் ஆளுக்கு ஐந்தாகப் பங்கிட்டு வகுத்துப் பார்த்தோம். எதனாலும் வகுபடவில்லை. உண்மையில் ஆயிரம் வரை வகுத்துப் பார்த்திருக்க வேண்டும். பங்கு சரியாக வந்ததே எங்களை ஏமாற்றிவிட்டது. முதன்மை எண் என்று, விடைத்தாள் திருத்துவதற்கான புள்ளித் திட்டத்தில் எழுதினோம், நீங்கள் ஒப்பமிட்டீர்கள்.

றுஸ்தா என்ற மாணவி மட்டும் 101ஐ 9901ஆல் பெருக்கிக் காட்டியிருந்தாள். திருத்தியவர் திட்டத்தைப் பார்த்து அதை வெட்டிவிட்டார். நாங்கள் நிறுத்திய இடத்துக்கு அடுத்த முதன்மை எண்தான் நூற்றொன்று.

நீங்கள் அதைக் கண்டபோது நூற்றுப்பன்னிரண்டு தேர்ச்சி அறிக்கைகளும் எழுதி முடிந்திருந்தன. மறுநாள் பெற்றோர் வருவதாக இருந்தது. வினாவைத் தயாரித்த பஸால் சேர் அப்போது வேலைக்கு வந்து ஆறு மாதம்தான். அவர் உங்கள் மேசையருகே வந்து கெஞ்சினார்.

“ரெண்டு புள்ளிதானே டீச்சர், விட்ருங்க. அதிபர் என்னத்தான் கேப்பாரு.”

“அந்தப் புள்ள கண்டது மெய், தம்பி. அத நாம பொய்யாக்கி வெச்சிரிக்கம்.”

மறுநாள் காலைக் கூட்டத்தில் அந்தப் பெருக்கலைப் பலகையில் எழுதி, றுஸ்தாவை அருகில் அழைத்து நிறுத்தினீர்கள். வினா யாருடையது என்று அதிபர் கேட்டார்.

“திட்டத்துல கையெழுத்து என்ட. பிழையும் என்ட.”

அதோடு முடிந்தது. அறிக்கைகளைப் புதிதாக எழுத ஒரு வாரம் ஆனது. பெற்றோர் முணுமுணுத்தார்கள், நாங்களும்தான். பஸால் சேரின் பெயரை நீங்கள் எங்கும் சொல்லவில்லை. இன்று இதை மடலில் எழுதச் சொன்னவர் அவரேதான்.

ஒருவரின் அச்சத்தை மறைத்து, இன்னொருவரின் உண்மையை வெளியே கொண்டுவர இரண்டே வாக்கியங்கள் உங்களுக்குப் போதுமாக இருந்தன. இத்தகைய சிறிய செயல்களை அல்லாஹ் சிறியதாக எண்ணுவதில்லை என்று நம்புகிறோம். அவன் உங்களுக்கு நலமும் நீண்ட ஆயுளும், காலை மணியோசைக்காக ஓடத் தேவையில்லாத விடியல்களும் தருவானாக!

இந்த மடல் கண்ணாடிச் சட்டத்துக்குள் போகுமுன் ஒருமுறை வாசித்துப் பாருங்கள், டீச்சர். பிழையிருந்தால் சொல்லுங்கள். எழுதியவர் யாரென்று கேட்க வேண்டாம். கையெழுத்து எங்கள் எல்லோருடையதும்.

கணிதப் பிரிவு ஆசிரியர்களும்
கல்லூரிக் குடும்பத்தினரும்