வடக்கு மாறிய வரைபடம்

அவையை நடத்தும் தலைவர் அவர்களே! கோட்டில் கண்ட கனவைக் கல்லில் நிறுத்தும் கட்டடக்கலைத் தோழர்களே! இன்று பட்டம் வாங்கும் பிள்ளைகளைக் கண்குளிரக் காண வந்திருக்கும் தாய்மார்களே! பெரியோர்களே! உங்கள் ஒவ்வொருவருக்கும் என் வணக்கம்.

கதிரவனைக் கட்டடத்துக்குள் அழைத்து வரும் கணினிக் கருவிகளின் பெருமையைப் பேசச் சொன்னீர்கள். பெருமை பேசத்தான் புறப்பட்டேன். பேச்சில் வருவதோ பயம். அந்தப் பயத்தையே பேசிவிடுகிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனைக்குப் பச்சிளங்குழந்தைப் பிரிவு வரைந்தேன். அங்கே செவிலியாக இருப்பவள் என் தங்கை. குறைமாதத்தில் பிறந்து, உள்ளங்கையில் அடங்கும் உயிர்களுக்கான அறை அது. வெளிச்சம் வேண்டும், வெப்பம் கூடாது. வடக்கே பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்தேன். தெற்கே சரியும் கூரையில் சோலார் தகடுகள். மென்பொருளில் ஓராண்டு வெயிலை ஒரு நிமிடத்தில் ஓட்டினேன். திரையெங்கும் பச்சை! குறையே இல்லை என்றது கணினி. குறை கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

சுவர் எழுந்தது. கூரைக்குப் பலகை அடித்துக் கம்பியும் கட்டியாகிவிட்டது. மறுநாள் காலை கான்கிரீட். அன்று மாலை நான்கு மணிக்குத் தங்கை பார்க்க வந்தாள். கண்ணாடி பொருத்தாத ஜன்னல் முன் நின்று, நெற்றியில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"என்னக்கா, இந்தப் பக்கம் வெயிலே வராதுன்னு சொன்னே?"

"வராது. கம்ப்யூட்டர்ல வருஷம் முழுக்க ஓட்டிப் பார்த்தாச்சு."

"அப்போ என் மூஞ்சில அடிக்கிறது என்ன, டார்ச் லைட்டா?"

சிரிக்கிறீர்கள்! சிரியுங்கள். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. ஓடிப்போய்க் கணினியைத் திறந்தேன். தாளில் அடங்குவதற்காக மனையின் படத்தை யாரோ பக்கவாட்டில் திருப்பி வைத்திருந்தார்கள். தாளின் மேற்புறமே வடக்கு என்று எடுத்துக்கொண்டது மென்பொருள். 'யாரோ' என்றா சொன்னேன்? இல்லை, ஐயா. திருப்பியவள் நான்தான். என் வடக்கு மேற்காயிற்று. என் தெற்குக் கூரை கிழக்காயிற்று. தொட்டில் வரிசை முழுவதும் மாலை வெயிலின் வாயில் இருந்தது. தகடுகளோ நண்பகலுக்குப் பின் நிழலைத் தின்னப் போகின்றன.

என் அலுவலகக் கூட்டாளி சொன்னார்: "இப்போ வெளிய சொன்னா பேரு போயிடும். ஜன்னலுக்குத் திரை போட்டுக்கலாம், விடு."

சொல்லாமல் விடலாம் என்று நானும் நினைத்தேன். ஒரு நிமிடமா? ஒரு மணி நேரம் நினைத்தேன்! பிறகு ஒப்பந்ததாரருக்குப் போன் செய்தேன்.

"நாளைக்குக் கான்கிரீட் போடாதீங்க."

"மெஷின் வந்தாச்சு, ஆள் வந்தாச்சு. விளையாடுறீங்களா மேடம்?"

"விளையாடல. படம் தப்பு. தப்பு என்னோடது."

மறுநாள் தலைமை மருத்துவர் முன் நின்றேன். அந்த அம்மா திட்டவில்லை. "இந்தப் படத்தை எத்தனை பேர் சரிபார்த்தீங்க?" என்றார். "ஆறு பேர், டாக்டர்." "ஆறு பேருமே ஸ்க்ரீனைத்தான் பார்த்தீங்களா?" படத்தை நேராகத் திருப்பி அவர் மேசையில் விரித்தேன்.

தொட்டில்கள் உண்மையான வடக்குக்குப் போயின. மேற்கே துணி, மருந்துப்பெட்டி வைக்கும் கிடங்கு வந்தது. கூரை திரும்பியது. திறப்பு ஐந்து மாதம் தள்ளிப்போனது. கூட்டாளி பிரிந்து போனார். அந்த மருத்துவமனையின் அடுத்த கட்டடம் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காததும் நியாயம்தான்.

அத்தோடு முடிந்ததா பயம்? அதற்கு முன் நான் கட்டியவை பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் போய், காலையில் நின்றேன், நண்பகலில் நின்றேன், மாலையில் நின்றேன். ஒன்பது சரி. ஒரு பள்ளிக்கூடத்தில் மதியத்துக்குமேல் பிள்ளைகள் பெஞ்சைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டு படிக்கிறார்கள். அங்கே இப்போது என் செலவில் மறைப்பு எழுகிறது. பதினோராவது ஒரு முதியோர் இல்லம். அங்கே இன்னும் போகவில்லை. போகப் பயமாக இருக்கிறது. நாளைக் காலை போகிறேன். இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டால் தப்பிக்க முடியாது என்றுதான் சொல்கிறேன்!

கருவி வேண்டாம் என்கிறேனா? இல்லவே இல்லை! கையால் ஒரு மாதம் போடும் கணக்கை அது கணத்தில் போடுகிறது. ஆனால் அதற்கு வியர்க்குமா? கண் கூசுமா? காய்ச்சல் காணும் குழந்தையின் கழுத்தை அது தொட்டுப் பார்க்குமா? வியர்ப்பவர்கள் நாம். கூசுபவர்கள் நாம். கூண்டில் நின்று பதில் சொல்ல வேண்டியவர்களும் நாமே! இன்று பட்டம் வாங்கும் பிள்ளைகளே, திரை பச்சையாகும் வேளையில் உங்கள் நெஞ்சு படபடக்கட்டும். அந்தப் படபடப்போடு எழுந்து போய் மனையில் நில்லுங்கள்!

பெருமை கேட்க வந்து என் பயத்தைப் பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. உங்கள் கட்டடங்களில் உறங்கப்போகும் முகம் தெரியாத உயிர்களுக்கும் சேர்த்து, வணக்கம்.