பிடி அரிசிப் பானை

— இந்த வாரம் எங்க வீட்டுப் பிடி கிடையாதுக்கா. பானையத் தூக்கிக்கிட்டு அடுத்த காம்பராவுக்குப் போங்க.

— என்ன மீனம்மா இப்படிச் சொல்லிப்புட்ட? இன்னைக்குத்தானே ஸ்டோர்ல அரிசி போட்டாங்க?

— போட்டாங்க. சம்பளத்துலயும் புடிச்சாங்கல்ல? சேமலாப நிதியாம். நூத்துக்கு நாலு நம்ம காசு, ஆறு தோட்டத்துக் காசு. ஹட்டன் கூட்டத்துல சங்கத்துக்காரங்க வெளக்கமாச் சொன்னாங்க, ராக்காயக்கா. வயசான காலத்துக்குக் கவுருமெண்டே ஒரு வழி பண்ணிருச்சு. இனிமே எதுக்கு லயத்துல பிடி அரிசி?

— அது உனக்கு ஆத்தா. நீ சின்ன வயசு, சேந்துக்கிட்டே வரும். வயசாயிருச்சுன்னு இப்பப் பேர வெட்டி வேலைய விட்டு நிறுத்துறவங்களுக்கு? புடிக்க ஆரம்பிச்சே மூணு மாசந்தான் ஆகுது. அந்தக் காசு எத்தன நாளு கஞ்சிக்குக் காணும்?

— முப்பது வருசம் தேயிலக் கொழுந்து எடுத்தவங்களுக்குத் தோட்டத்துத் தொரைதான் சோறு போடணும். நான் எதுக்குப் போடணும்?

— நியாயந்தான் ஆத்தா. தொரைக்கு மனசு எறங்குற வரைக்கும் வயிறு சும்மா இருக்குமா?

— எம்புள்ளைங்க வயிறும் சும்மா இருக்க மாட்டேங்குதேக்கா! ரெண்டு பக்கமும் குடுக்க என்னால ஆவாது.

— தெரியும். இந்த லயத்துப் பன்னெண்டு காம்பராவுல எட்டு வீடு இதையேதான் சொல்லிருச்சு. நீயும் கைய விரிச்சா இந்தப் பானைய இன்னையோட கவுத்துற வேண்டியதுதான்.

— பதினோரு வருசமா அள்ளிப் போடுறேன். யாரு வீட்டு அடுப்புக்குப் போவுதுன்னு ஒரு நாளாவது வாயத் தொறந்திருக்கீங்களா?

— சொல்லக் கூடாதுன்னுதானே நம்ம லயத்து வழக்கம். வாங்குறவங்க பீலிக்கரையில தண்ணி புடிக்கிறப்ப உன் மூஞ்சிய நிமிந்து பாக்க வேணாமா?

— ஊருல என்ன பேசுறாங்க தெரியுமா? பாதி அரிசி உங்க வீட்டுலயே வேகுதுன்னு அழகன் பொண்டாட்டி சொல்லிக்கிட்டுத் திரியுது.

— ஐயோ! மாரியம்மா சத்தியமா, இதுநா வரைக்கும் இந்தப் பானையில ஒரு மணி எங்க வீட்டுக்குள்ள போனதில்ல.

— நான் நம்புறேன்க்கா, அழுவாதீங்க. ஆனா இனிமே கண்ண மூடிக்கிட்டுப் போட மாட்டேன். இந்த வாரம் யாருக்குன்னு பேரைச் சொல்லுங்க, ரெண்டு பிடியாவே போடுறேன்.

— வேணாம் ஆத்தா. கேக்காத.

— சொன்னா அரிசி. சொல்லாட்டி இல்ல.

— ராக்காயிக்கு. முந்தாநேத்துத் தொரை என் பேரை வெட்டிட்டாரு.