செவலை நாய்

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் என் தொழிலில் பாதியைக் குரங்குகளே கொண்டுவந்து தரும். அருவிக்குப் போகிறவர்கள் மரத்தடியில் காரை நிறுத்துவார்கள். கிளையிலிருந்து குரங்கு குதிக்கும், கூரையில் உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளம் விழும். பெயிண்ட் உரியாமல் தகடு மட்டும் உள்ளே போயிருந்தால் என்னிடம் வருவார்கள். நான் பட்டி பூசிப் பள்ளத்தை நிரப்புவதில்லை, பெயிண்ட் அடிப்பதில்லை. உள்பக்கமாகக் கம்பியை விட்டு, நெல்மணி நெல்மணியாக நெம்பித் தகட்டைப் பழைய இடத்துக்கே கொண்டுவருவேன். குத்துக்கல்வலசையில் பதினான்கு வருடமாக இதுதான் என் வேலை.

இன்ஸ்பெக்டர் ஐயா, வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். தாளும் கொடுத்தீர்கள், டீயும் வாங்கிக் கொடுத்தீர்கள். பக்கத்து அறையில் இருக்கும் என் மகள் ஜெயபிரியா, காலையில் உங்களிடம் சொன்னதில் ஒரு தவறு இருக்கிறது. மனிதனை இடித்துவிட்டு ஓடி வந்தேன் என்று சொல்லியிருக்கிறாள். அவள் நாயைத்தான் இடித்தாள். அப்படித்தான் இரண்டு மாதமாக நம்பிக்கொண்டிருந்தாள்.

ஜூன் பதினெட்டாம் தேதி, புதன்கிழமை. பண்பொழி சைதூன் பீவி டீச்சரின் கார்க் கூரையில் குரங்கு ஆடிய ஆட்டத்தில் நான்கு பள்ளம். ஜெயபிரியா காலையிலேயே பஸ் ஏறிப் போய் அந்தக் காரை எடுத்துவந்தாள். அவளுக்கு லைசென்ஸ் உண்டு. நிதானமாக ஓட்டுவாள், நான் பழக்கிய கை. எட்டரை மணிக்குக் கடை முன்னால் வந்து நின்றவள் இறங்கவே இல்லை. ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்தாள்.

“அப்பா, இலத்தூர் தாண்டி வளைவுல எதையோ இடிச்சிட்டேன். சாரல்ல ஒண்ணும் தெரியல. தரையோட தரையா செவப்பா ஏதோ தெரிஞ்சுது, ஓடைக்குள்ள போயிட்டு. பயந்து வந்துட்டேன்ப்பா. திரும்பிப் போயிப் பாப்பமா?”

நான் இடது பக்க மட்கார்டைப் பார்த்தேன். பள்ளத்தைப் பார்த்தால் எது இடித்தது என்று எனக்குத் தெரியும். தேங்காய் விழுந்தால் ஒரு மாதிரி, மாட்டுக் கொம்பு என்றால் ஒரு மாதிரி. நாய் என்றால் பெரும்பாலும் பம்பரோடு போய்விடும், தகடு நெளிந்தாலும் ஒடுக்கமாக இருக்கும். இது அகலமாக, ஆழமில்லாமல் இருந்தது. குனிந்திருந்த ஒரு தோள்பட்டையின் அளவு. மேலே ஈர மண்ணில் சாக்கின் பின்னல் அச்சாகப் பதிந்திருந்தது. இங்கே மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொள்பவர்கள் வயல் வேலைக்குப் போகிறவர்கள்தான் என்று உங்களுக்கும் தெரியும்.

அவள் இறங்குவதற்குள் துணியால் துடைத்துவிட்டேன்.

“நாய்தான்ட்டி” என்றேன். “எத்தன பள்ளம் பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?”

அவள் நம்பினாள். பள்ளத்தைப் பார்த்து நான் சொல்லி இதுவரை தப்பியதில்லை, அவளுக்கு அது சிறு வயதிலிருந்தே தெரியும். ஆனால் நாய்க்காகவே அழ ஆரம்பித்துவிட்டாள். தாயில்லாமல் வளர்ந்த பிள்ளை, மனசு அப்படி. நீ இரு, நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஸ்கூட்டரை எடுத்தேன். போக வர நாற்பது நிமிடம் ஆனது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

அவள் காவலர் தேர்வில் எழுத்தும் ஓட்டமும் தேறி, வீட்டுக்கு வந்து விசாரிப்பார்களே, அதற்குக் காத்திருந்த சமயம் அது. பெயரில் ஒரு வழக்கு இருந்தாலும் வேலை கிடையாது என்பது நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. விடியற்காலையில் அவள் மைதானத்தில் ஓடும்போது மூன்று வருடம் நான் வெளியே ஸ்கூட்டரில் காத்துக் கிடந்திருக்கிறேன். அவளைக் காக்கி உடையில் பார்த்துவிட்டால் போதும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை.

ஒன்பதரைக்கு வேலையைத் தொடங்கினேன். சக்கரத்துக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக்கைக் கழற்றி, கம்பியை உள்ளே விட்டு, கோடு போட்ட விளக்கை எதிரே வைத்தேன். தகடு சரியாக இருந்தால் விளக்கின் கோடுகள் அதில் நேராகத் தெரியும், பள்ளம் இருந்தால் வளையும். ஓரத்திலிருந்து நடுவுக்கு வர வேண்டும். அவசரப்பட்டால் பெயிண்ட் வெடித்துவிடும். அன்று என் கை நடுங்கவில்லை. கடைசிக் கோடு நேரானபோது மணி ஒன்று.

அந்த ஓடையில் ரத்தினத்தை இரண்டு மணிக்குத்தான் பிணமாகக் கண்டெடுத்தார்கள். ஆட்டுக்குப் புல் அறுக்கப் போனவர். உச்சி நேரம் வரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாகக் கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் உங்கள் ஆட்கள் டிங்கரிங் கடை ஒன்று விடாமல் போனார்கள். எங்கே புதிதாகப் பெயிண்ட் அடித்திருக்கிறது என்று பார்த்தார்கள். என் கடைக்கும் ஒரு காவலர் வந்தார். “ஒங்க கடையில பெயிண்ட் வாடையே கெடையாதே அண்ணாச்சி” என்று சிரித்துவிட்டுப் போனார். ஜெயபிரியா அந்த வாரம் கடைப்பக்கம் வரவில்லை, செய்தி அவள் காதுக்கு எட்டாமல் பார்த்துக்கொண்டேன். சைதூன் பீவி டீச்சருக்கும் பரம திருப்தி, குரங்கு ஏறிய அடையாளமே இல்லை என்றார். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை, அவருக்கு மட்கார்டைப் பற்றியே தெரியாது.

விசாரணை முடிந்தது, உத்தரவு வந்தது. பயிற்சிக்குப் போக இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன்.

நாய் விஷயத்தில்தான் நான் கணக்குத் தப்பினேன். ஜெயபிரியா ஞாயிறுதோறும் அந்த வளைவுக்குப் போய்த் தெருநாய்களுக்குச் சோறு வைத்துவந்திருக்கிறாள். ரத்தினத்தின் மனைவி பெர்சிஸ் கோயிலில் ஆராதனை முடிந்து அங்கே மெழுகுவர்த்தி ஏற்ற வருவாராம். இருவரும் பழகியிருக்கிறார்கள். எதற்கு அந்த இடத்துக்கு வருகிறார் என்று இவள் நேற்றுத்தான் கேட்டிருக்கிறாள்.

“இங்கனதாம்மா கெடந்தாரு” என்று பெர்சிஸ் சொல்லியிருக்கிறார். “தலையில போட்ட செவப்புச் சாக்கு கூட அப்படியே இருந்துச்சு. நாயிக்கெல்லாம் சோறு போடுத, நீ நல்லா இருப்ப தாயி.”

ஜெயபிரியா வீட்டுக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

“அப்பா, அந்த நாய் என்ன நெறம்?”

“செவலை.”

விடிந்ததும் எழுந்து இங்கே வந்துவிட்டாள்.

அந்த நாற்பது நிமிடத்தை எழுதாமல் விட்டால் அவள் மேலேயே பழி நிற்கும். ஆகையால் எழுதுகிறேன். ரத்தினம் ஓடைச் சரிவில் மல்லாந்து கிடந்தார், இடுப்புக்குக் கீழே அசைவில்லை. என்னைத் தெரிந்துகொண்டார். “தொரை அண்ணாச்சி” என்றார். தண்ணீர் கேட்டார். ஸ்கூட்டர் பெட்டியில் முழுப் பாட்டில் தண்ணீர் இருந்தது. அதைக் கையில் எடுக்கவும் செய்தேன். குடித்தால் தெம்பு வரும், தெம்பு வந்தால் கத்துவார், சாலையில் குற்றாலத்து வேன்கள் போய்க்கொண்டிருந்தன. பாட்டிலைத் திரும்ப வைத்தேன். புல்லுக்கட்டை அவிழ்த்து, சாலையிலிருந்து தெரியாதபடி அவர் மேல் பரப்பினேன். வரும் வழியில் வண்டியை நிறுத்தி அழுதேன். அவர் நல்ல மனுஷன். என் மகளும் நல்லவள்.

நான் செய்தது அனைத்தும் அவளுக்காக. இதை எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன்.

கடைக்குத் திரும்பியதும் நாய் செத்துவிட்டது என்றேன். “சாகுமுன்ன தண்ணி குடுத்தியளாப்பா?” என்று கேட்டாள். கொடுத்தேன் என்றேன். அவளிடம் அது பொய் என்று நீங்கள் சொல்லிவிடுங்கள். நாயாக இருந்திருந்தால் கொடுத்திருப்பேன்.