பதினெட்டுக் கப் ஹொப்ஸ்

ரொறன்ரோவின் குழாய்த் தண்ணீரைப் பற்றி நம்மவர்கள் சொல்லாத குறை கிடையாது. குளோரின் மணக்கிறது, தலைமயிர் கொட்டுகிறது, தேநீர் சரியாக வருவதில்லை. உண்மையில் அது நல்ல தண்ணீர். கரி வடிகட்டியில் ஒருமுறை விட்டெடுத்தால் போதும், பியர் காய்ச்சுவதற்கு அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குறை சொல்பவர்களின் வாயில்தான் கோளாறு.

இதை நானே தமிழில் எழுதித் தருகிறேன். போன முறை உங்கள் அதிகாரி நான் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதினார். நான்கு பக்கங்களுக்குள் என் பெயரை மூன்று விதமாக எழுதியிருந்தார். மொழிபெயர்க்கப்போகிறவருக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஹொப்ஸ் என்பதற்குத் தமிழில் சொல் கிடையாது. அது ஒரு கொடியில் பூக்கும் பச்சைப் பூ. பியருக்குக் கசப்பையும் வாசனையையும் கொடுப்பது. நீங்கள் சொல் ஒன்றும் கண்டுபிடிக்க முயல வேண்டாம்.

என் பெயர் மரியரட்ணம். வயது ஐம்பத்து நான்கு. ஊரில் சீமெந்துத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் பதினாறு வருடம் இருந்தேன். இங்கே ஸ்காபரோவில் ஒரு பெயின்ற் தொழிற்சாலையில் நிறம் சரிபார்க்கிறேன். வெள்ளை என்று உலகம் சொல்வதில் நாற்பது வெள்ளை இருப்பது எனக்குத் தெரியும். நாக்கும் அப்படித்தான். அது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. எங்கள் சனம் ரை விஸ்கிக்குள் கோக்கை ஊற்றி, நடுவில் மிக்ஸ்சரை அள்ளிப் போட்டு, கடைசியில் ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு முடிப்பார்கள். அவர்களுக்கு நாக்கு பேசுவதற்கு மட்டும் உள்ள உறுப்பு.

எட்வேட் என் மனைவி செலீனின் தம்பி. பிறம்ரனில் உள்ள ஒரு கொம்பனியில் ட்ரக் ஓட்டினான். கலிபோர்னியா வரை போய்வருவான். நாற்பது வயதாகியும் கல்யாணம் இல்லை. சனி, ஞாயிறு எங்கள் அஜின்கோர்ட் வீட்டில்தான் சாப்பாடு. எல்லாருக்கும் அவனைப் பிடிக்கும். யாரும் சொல்லாமலே பாத்திரம் கழுவுவான், அழுகிற பிள்ளையைத் தூக்குவான். இப்படிப்பட்டவர்களைச் சனத்துக்குப் பிடிப்பதில் ஆச்சரியம் இல்லை.

1997 ஜூலையில் அவன் கலிபோர்னியாவிலிருந்து ஆறு போத்தல் பியர் கொண்டுவந்தான்.

"அத்தான், உது சரியாக் கைக்குது. ஒரு மிடறு குடிச்சிட்டு வைச்சிட்டன். நீங்கள்தான் உப்பிடியானதுக்கு ஆள்" என்றான்.

அந்தப் பியரை டபிள் ஐ.பி.ஏ. என்று சொல்வார்கள். அப்போது மேற்குக் கரையில் இரண்டு மூன்று பேர்தான் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். சாதாரண பியரைப்போல் இரண்டு மடங்கு மோல்ட், அதாவது முளைகட்டிய பார்லி, மூன்று மடங்கு ஹொப்ஸ். முதலில் தோடம்பழத் தோலைக் கிள்ளியதுபோல ஒரு வாசனை, பிறகு கிறிஸ்மஸ் மரத்தின் பிசின், கடைசியில் நீளமான, சுத்தமான கசப்பு. நான் கதிரையில் இருந்து ஒரு போத்தலை ஒரு மணித்தியாலம் குடித்தேன். சந்தோஷமாக இருந்தது. இந்த நாட்டுக்கு வந்து பத்து வருடத்தில் எனக்காகவே செய்யப்பட்டதுபோல் கிடைத்த ஒரே பொருள் அதுதான்.

அதைப்போலவே ஒன்றை நானே காய்ச்சுவது என்று தீர்மானித்தேன். ஒரு வருடத்தில் ஒன்பது தடவை காய்ச்சினேன். கடைசி நான்கு முறையும் மூலப் போத்தலில் ஒன்றைத் திறந்து பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். ஒன்பதாவது, எட்டிவிட்டது. என் நாக்கு அப்படிச் சொன்னது. மூலத்தில் ஒரு போத்தல் மிச்சம் இருந்தது.

1998 ஓகஸ்டில் செலீனின் பிறந்தநாள். பின்வளவில் பத்துப் பதினைந்து பேர். எட்வேட் இரண்டு தம்ளர்களை நிரப்பிக்கொண்டு வந்து எல்லாரையும் கூப்பிட்டான்.

"அத்தான், குடிச்சுப் பாருங்கோ. ஒண்டு கொம்பனியின்ரை, ஒண்டு உங்கடை. எது எதெண்டு சொல்லுங்கோ பாப்பம்."

நான் தயங்கவில்லை. இடதுபக்கத்தில் இருந்தது கொம்பனியுடையது என்றேன். ஏன் என்றும் விளக்கினேன். ட்ரக்கில் சூடுபட்டதால் ஹொப்ஸ் வாசனை களைத்துவிட்டது, கசப்பு தொண்டையில் கிடந்து அறுக்கிறது, வியாபாரத்துக்குச் செய்பவன் கடைசிக் கட்டத்தில் கை சுருக்கிவிட்டான், என்னுடையதில் அந்தக் குறை கிடையாது. பத்து நிமிடம் பேசியிருப்பேன். எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் சனம் நான் பேசி அவ்வளவு நேரம் கேட்டது அதுவே முதல் தடவை.

"அத்தான்," என்றான் எட்வேட், "ரெண்டும் ஒரே போத்திலுக்கை இருந்து வாத்தது. உங்கடைதான் ரெண்டும். மற்றதை நான் மத்தியானமே குடிச்சிட்டன்."

சிரித்தார்கள். செலீனும் சிரித்தாள். அமிர்தநாதர் என்று ஒருவர், செலீனின் செபக்கூட்டத்துத் தலைவி கிளடிஸின் கணவர், கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். எட்வேட் என் தோளில் கை போட்டான்.

"விடுங்கோ அத்தான். ரெண்டும் நல்லாத்தானே கிடக்கு. நாலு பேர் சேந்து குடிச்சாச் சரி."

அமிர்தநாதர் என்னுடைய பியருக்குள் ஸ்ப்ரைற் ஊற்றிக் குடித்தார். இப்ப நல்லாயிருக்கு என்றார்.

எனக்கு அவமானமாக இருந்தது. அதை மறைக்க ஒன்றும் இல்லை. அடுத்த நாள் எட்வேட் ஃபோன் எடுத்து மன்னிப்புக் கேட்டான். அது அதைவிட மோசம். பகிடியைப் பகிடி என்று விட்டிருந்தால் நானும் விட்டிருக்கலாம். இரக்கப்பட்டுவிட்டான். ட்ரக் ஓட்டுகிற ஒருவன், என் நாக்கைப் பற்றி, இரக்கம். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் யாராவது இரண்டு தம்ளரோடு வருவார்கள். கோக்கை ஊற்றிக்கொண்டு வந்து, அண்ணை இது எந்தக் கொம்பனி என்பார்கள். நானும் சிரித்தேன்.

நான் எட்வேட்டை வெறுத்தேன் என்று எழுத வேண்டாம். வெறுப்பதற்கு ஒருவரைக் கொஞ்சமாவது மதிக்க வேண்டும்.

இப்போது கராஜுக்கு வருகிறேன். எங்கள் ஆட்கள் கராஜில் சமைப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மீன் பொரித்த மணமும் நண்டுக்கறி மணமும் வீட்டின் கார்பெற்றில் ஏறக்கூடாது, கோட்டில் ஏறக்கூடாது, வேலையிடத்தில் வெள்ளைக்காரன் மூக்கைச் சுளிக்கக்கூடாது. அதற்காகப் பாதிப் பேர் வீட்டில் நல்ல குசினியை வைத்துக்கொண்டு கராஜுக்குள் புரோப்பேன் அடுப்பில் சமைக்கிறார்கள். செலீனுக்கும் அப்படி ஓர் அடுப்பு இருந்தது. நான் பியர் காய்ச்சியதும் அதில்தான். வழக்கமாகக் கராஜின் பெரிய கதவை ஒரு முழம் உயர்த்தி வைத்திருப்போம்.

கதவு பூட்டியிருந்ததால் வந்த விபத்து என்று உங்கள் அதிகாரி ஐந்து நிமிடத்தில் முடிவு செய்தார். உங்கள் மக்கள் இப்படிச் சமைப்பதை முதலில் நிறுத்த வேண்டும் என்று எனக்குப் புத்தியும் சொன்னார். நான் தலையாட்டினேன். எங்களை மடையர்கள் என்று நினைப்பவர் இருக்கும்போது பொய் சொல்லவேண்டிய அவசியம் அதிகம் வருவதில்லை.

நவம்பர் 21, சனிக்கிழமை. பின்னேரம் மூன்று மணிக்கு வீட்டில் செபக்கூட்டம். கிளடிஸோடு பதினொரு பேர். கிளடிஸுக்கு மூக்கு கூர்மை. ஹொப்ஸ் கொதிக்கும்போது கஞ்சாவின் மணம்தான் வரும். முன்பொரு நாள் அவர் அதை மணந்துவிட்டு, பேஸ்மென்றில் யாரை வாடகைக்கு வைத்திருக்கிறீர்கள் என்று செலீனிடம் கேட்டிருந்தார். ஆகவே அன்று கராஜின் பெரிய கதவையும் ஜன்னலையும் நான் பூட்டியதிலும், வீட்டுக்குள் வரும் சின்னக் கதவின் அடியில் ஈரத் துவாய் வைத்ததிலும் யாரும் வித்தியாசமாக எதையும் காணவில்லை. துவாய் மணத்துக்காக என்று உங்களிடம் சொன்னேன். மணத்துக்காகவும்தான்.

பத்தாவது பியரைக் காய்ச்ச உதவி வேண்டும் என்று எட்வேட்டைக் கேட்டிருந்தேன். அவனுக்குச் சந்தோஷம். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்தான். இந்தப் பியரில் ஹொப்ஸை ஒரேயடியாகக் கொட்ட முடியாது. தொண்ணூறு நிமிடம் கொதிக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு கப் போட வேண்டும். பதினெட்டுக் கப்களில் ஹொப்ஸை நிறுத்துப் போட்டு, இலக்கமிட்டு, வரிசையாக வைத்தேன். கதிரை ஒன்றையும் மணிக்கூட்டையும் கொடுத்தேன். பக்கத்தை விட்டு அசையக்கூடாது என்றேன். பிறகு மேலே போய்ச் செபமாலையில் சேர்ந்துகொண்டேன்.

அடைத்த இடத்தில் அந்த அடுப்பு என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். பதினாறு வருடம் சூளைப் புகையை அளந்தவன் நான். அது விடும் கார்பன் மொனொக்சைட் வாயுவுக்கு மணமோ நிறமோ கிடையாது. மேலே இருந்தவர்களைப் பற்றியும் யோசித்தேன். ஈரத் துவாய் போதும் என்று பட்டது. கிளடிஸ் மட்டும் தலையிடி என்றார். அவருக்கு எப்போதும் தலையிடி.

நாற்பத்தைந்தாவது நிமிடம் கீழே போய்ச் சின்னக் கதவைக் கொஞ்சம் திறந்து பார்த்தேன். எட்வேட் எழுந்து நின்றுகொண்டிருந்தான். முகம் சிவந்திருந்தது.

"அத்தான், தலை சுத்துமாப்போல கிடக்கு. பெரிய கதவைத் திறக்கட்டே?"

"மேல கிளடிஸ் இருக்கிறா. மணம் அங்கை போச்செண்டால் அக்காவுக்குத்தான் கதை வரும்."

அவன் யோசித்தான். யோசிக்க அவனுக்கு நேரம் பிடித்தது.

"ஓம் என்ன. அக்கா பாவம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டான். பத்தாவது கப்பைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டான்.

நீங்கள் என்னை மறுபடி கூப்பிட்டது பற்றரிக்காக. சின்னக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் அந்த வாயுவுக்கான அலாரம் ஒன்று இருந்தது. அதில் பற்றரி இல்லை. அந்தப் பற்றரி நான் ஹொப்ஸ் நிறுத்த சின்னத் தராசுக்குள் இருந்தது. தராசின் பற்றரி செத்துவிட்டது, அவசரத்துக்கு எடுத்தேன் என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால் தராசு இருந்த அதே மேசை லாச்சியில் புதுப் பற்றரிகள் ஒரு பெட்டி இருந்ததை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். அந்த அளவுக்குப் பார்க்கிற ஒருவர் உங்கள் இலாகாவில் இருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்கிறேன். எழுபத்தைந்தாவது நிமிடம் நான் மறுபடி கீழே போனேன். எட்வேட் கதிரையிலிருந்து சரிந்து சீமெந்துத் தரையில் கிடந்தான். மூச்சு இருந்தது. குறட்டைபோலச் சத்தமாகவே இருந்தது. பதினைந்து கப் வெறுமையாக, ஒன்றுக்குள் ஒன்று அடுக்கியிருந்தது. சொன்னபடி செய்திருந்தான். மூன்று கப் மிச்சம்.

பெரிய கதவை உயர்த்தினேன். எனக்கும் மூச்சு விடவேண்டும். கடைசி மூன்று கப் ஹொப்ஸில்தான் வாசனையே இருக்கிறது. அதைத் தவறவிட்டால் முன்பு போட்ட பதினைந்தும் வீண். பதினாறாவதைப் போட்டேன். ஐந்து நிமிடம் நின்றேன். பதினேழாவது. மேலே செபமாலை முடிந்து பாட்டுத் தொடங்கியிருந்தது. பதினெட்டாவதைப் போடும்போது குறட்டைச் சத்தம் விட்டு விட்டு வந்தது. அதற்கும் ஐந்து நிமிடம் கொடுத்து, அடுப்பை அணைத்து, பானையை மூடி, பிறகுதான் 911க்கு அடித்தேன். அம்புலன்ஸ் வந்தபோது மூச்சு இல்லை. செலீன் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு, நான் அவனுக்குப் பக்கத்தில் இருந்தேனா என்று கேட்டாள். இருந்தேன் என்றேன்.

எட்வேட்டை நான்தான் கொன்றேன். இனி இதில் எழுதுவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

டிசம்பர் கடைசியில் பிறம்ரன் கொம்பனியில் இருந்து அவனுடைய ட்ரக்கில் கிடந்த சாமான்களை ஒரு பெட்டியில் அனுப்பியிருந்தார்கள். ஒரு ஜாக்கெற், ஒரு செபமாலை, இரண்டு வரைபடங்கள், திறக்காத ஆறு போத்தல் பியர். அந்தக் கலிபோர்னியாப் பியர்தான். மட்டையில் மார்க்கரால் 'அத்தானுக்கு' என்று எழுதியிருந்தான். செலீன் அதைக் கண்டு அழுதுகொண்டு மேலே போனாள்.

என்னுடைய பத்தாவது பியரும் அதற்குள் தயாராகியிருந்தது. இரண்டு தம்ளர்களின் அடியிலும் கடதாசி ஒட்டி அடையாளம் எழுதினேன். கண்ணை மூடிக்கொண்டு தம்ளர்களை இடம் மாற்றினேன். இந்த முறை யாரும் குறுக்கிட முடியாது. ஒன்று தெளிவாகவே உயர்ந்தது. வாசனை நிமிர்ந்து நின்றது, கசப்பு சுத்தமாக முடிந்தது. என்னுடையது என்று எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. மற்றது களைத்துப்போன பொருள், கொம்பனிச் சரக்கு. அடியைத் திருப்பிப் பார்த்தேன். களைத்துப்போனது என்னுடையது. மறுபடி மாற்றி வைத்துக் குடித்தேன். ஆறு தடவை செய்தேன். நான்கு தடவை பிழையாகச் சொன்னேன்.

அந்தக் கிழமை எனக்குக் கடும் தடிமன், மூக்கடைப்பு. அதையும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.